பட்டன் கடை முன்னால் நாலு அடி

1. நூல் கட்டிய நாள்

நான் ட்ராஃப்ட்ஸ்மேன். ஐ.டி.ஐ.யில் சிவில் ட்ராயிங் படித்துவிட்டு, பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் சேர்ந்தேன். மூன்று வருஷம் ட்ராயிங் போர்டை விட்டு எழுந்திருக்கவில்லை. ட்ரேசிங் ஷீட், இங்க் பேனா, தப்பு வந்தால் சுரண்ட அரை ப்ளேடு, அமோனியா பிரின்ட்டின் நாற்றம், இவ்வளவுதான் என் உலகம். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் முதலாளி பிரபு சார் என் மேஜைக்கு வந்து ஒரு டேப்பையும் ஒரு நூல் உருண்டையையும் வைத்தார்.

"சேகர், நாளையிலிருந்து சைட். நீயே தனியா பண்ணு" என்றார்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கடைத்தெரு. பெயர் சொல்ல மாட்டேன். அங்கே ஆளாளுக்கு இஷ்டப்படி போர்டு மாட்டி, படி கட்டி, தகரக் கூரை இழுத்து, நடைபாதையே இல்லாமல் பண்ணி வைத்திருந்தார்கள். கடைக்காரர் சங்கத்துக்குத் திடீரென்று ஞானோதயம். தெரு முழுவதும் ஒரே மாதிரி இருக்கவேண்டும், அதற்கு ஒரு டிசைன் ஸ்டாண்டர்ட் எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். போர்டு எல்லாம் நடைபாதையிலிருந்து ஒன்பதடி மேலே, இரண்டரை அடி உயரத்தில். வெயில்மறைப்பு மூன்றடிக்கு மேல் நீளக் கூடாது. ஷட்டருக்கு ஒரே நிறம். பில்டிங் லைனைத் தாண்டி ஒரு படிகூட வெளியே நிற்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிக்குத்தான் நூல். பிரபு சார் சொல்லிக் கொடுத்த முறை ரொம்ப சுலபம். "ரெண்டு மூலைக்கடை ஷட்டருக்கும் நடுவுல நூல் கட்டு. அதான் பில்டிங் லைன். நூலுக்கு உள்ள இருக்கிறத முழுக்கோடு போடு. வெளிய இருக்கிறத புள்ளிக்கோடு போடு."

புள்ளிக்கோடு என்றால் இடித்துவிட வேண்டியது என்று அர்த்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் யார் படி இருக்கும், யார் படி போகும் என்று நான் முடிவு பண்ணப் போகிறேன் அல்லவா! சட்டைப்பையில் இரண்டு பென்சில் சொருகிக்கொண்டு போனேன்.

2. டேப்பின் மறுமுனை

நூல் கட்டியாகிவிட்டது. டேப்பைப் பிடிக்க ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. நடுவெயிலில் நான் ஒரு முனையைக் கல்லை வைத்து அழுத்திவிட்டு மறுமுனைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு கடையிலிருந்து குரல் வந்தது.

"என்னா மேன், தனியாவா டேப்பு பிடிக்கிற? குடு இங்க."

அவர்தான் பிலோமினா ஆன்ட்டி. ரிச்சர்ட்ஸ் டவுனில் தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். புருஷன் போன பிறகு தனியாகவே கடையை நடத்திக்கொண்டிருந்தார். ஒன்பதடி அகலம், பத்தடி ஆழம். பட்டன், ஜிப், லேஸ், லைனிங் துணி, கல்யாணப் பெண்ணின் முக்காட்டுக்கான வலைத்துணி. கடைக்கு முன்னால் நாலு அடி ஆழத்துக்குக் கருங்கல் பலகை போட்ட ஒரே படி, ஒன்றரை அடி உயரம்.

அந்தப் படிதான் கடையின் பாதி வியாபாரம். டெய்லர்களும் வீட்டுப் பெண்களும் துணித்துண்டைக் கொண்டுவந்து படியில் விரிப்பார்கள். ஆன்ட்டி டப்பா டப்பாவாகப் பட்டனை எடுத்துவந்து துணிமேல் வைத்துக் காட்டுவார். "டியூப்லைட்டுல மெரூனும் ஒண்ணுதான், பிரவுனும் ஒண்ணுதான். சூரியன்தான் மேன் எனக்கு சேல்ஸ்மேன்" என்பார். அதனால் அவர் தலைக்குமேல் தகரக் கூரை எதுவும் இழுக்கவில்லை.

அன்று முழுவதும் டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அவர்தான். கடையைக் கவனிக்கப் பக்கத்து ஜவுளிக்கடை ரமேஷிடம் சொல்லிவிட்டு, தெருக்கோடி வரைக்கும் என்னோடு குனிந்து நிமிர்ந்தார். நடுவில் எனக்கு இரண்டு தடவை டீ. கடைசியில் அவர் கடையை அளந்தபோது நூல் ஷட்டரை ஒட்டிப் போயிற்று. படி முழுக்க நூலுக்கு வெளியே.

"சேகரு, என் படி உள்ளயா, வெளியவா?"

"பாக்கலாம் ஆன்ட்டி."

"இது எங்க இடம் மேன். பத்திரத்துல ஷட்டருக்கு முன்னால நாலடி எங்களுதுதான். எங்க வீட்டுக்காரர் எல்லைக்கல்லு வரைக்கும்தான் படி போட்டாரு. கல்லு படியோட வெளி ஓரத்துல, மண்ணுக்குள்ள இருக்குதாம். நான் பாத்ததில்ல. பத்திரம் கொண்டாரட்டா?"

பத்திரத்தைப் பார்ப்பது ஒரு நாள் வேலை. படியின் ஓரத்தில் தோண்டிக் கல்லைப் பார்ப்பது அரை மணி நேர வேலை. ஆனால் எனக்குப் பசி. வெயில். அன்றைக்கே சர்வேயை முடித்துவிட்டேன் என்று பிரபு சாரிடம் சொல்லிக்கொள்ளும் ஆசை வேறு.

"அதெல்லாம் வேணாம் ஆன்ட்டி, இது சும்மா சர்வேதான். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவர் என்னை நம்பினார். மறுநாள் போர்டில் ஷீட்டை ஒட்டி, மற்ற கடைப் படிகளோடு சேர்த்து அவர் படிக்கும் புள்ளிக்கோடு போட்டேன். சந்தேகம் கூட வரவில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்ற கடைக்காரர்கள் நிஜமாகவே நடைபாதையைத்தான் பிடித்திருந்தார்கள். அந்த வரிசையில் சொந்த மண்ணில் படி கட்டியிருந்த ஒரே ஆள் ஆன்ட்டி.

3. கடப்பாரை

ஸ்டாண்டர்ட் புத்தகமாக பைண்டு ஆகி வந்தது. சங்கத்தில் கைதட்டல். எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஜவுளிக்கடை ரமேஷ் எல்லாரையும் குரு என்பார். என்னைப் பிடித்துக்கொண்டு, "குரு, என் போர்டு இருபது அடி உசரம். அத ரெண்டரை அடி ஆக்குனா கஸ்டமரு பூதக்கண்ணாடி வச்சி தேடணுமா? ஏனப்பா இது?" என்று கத்தினார். அப்புறம் அவரும் கையெழுத்துப் போட்டார்.

ஆன்ட்டி மட்டும் ஆபீஸுக்கே வந்தார். கையில் பிளாஸ்டிக் பையில் பத்திரம். பிரபு சார் கெட்டவர் இல்லை. ஆனால் நேர்கோட்டுப் பைத்தியம். "மேடம், ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. சேகர் அளந்திருக்கான். அவன் அளவு தப்பாகாது" என்றார். பத்திரத்தை அவர் பிரிக்கவும் இல்லை. ஆன்ட்டி திரும்பி என்னைப் பார்த்தார். நான் போர்டில் இல்லாத வேலையைத் தேடிக் குனிந்துகொண்டேன். "எல்லாரும் செய்யிறாங்கன்னா சரி, நானும் செய்யிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படிகளை எடுக்கும் வேலைக்கு மேற்பார்வை நான்தான். பட்டன் கடைக்கு முன்னால் மேஸ்திரி முனுசாமி கடப்பாரை போட்டார். கருங்கல் அசையவே மாட்டேன் என்றது. இரண்டு ஆள் சேர்ந்து நெம்பியதும் புரண்டது. மேஸ்திரி மண்ணைத் தள்ளினார். படியின் வெளி ஓரம் இருந்த இடத்தில், ஒரு சாண் ஆழத்தில், தலையில் கூட்டல் குறி வெட்டிய ஒரு கல்.

"சார், பாந்துக்கல்லு மாதிரி கீது" என்றார் மேஸ்திரி. எல்லைக்கல்லைக் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள்.

மாதிரி என்ன மாதிரி, அதேதான். ஷட்டரிலிருந்து டேப் வைத்தேன். நாலு அடி. இம்மி பிசகவில்லை. ஆன்ட்டி சொன்னது அத்தனையும் நிஜம், நான் போட்ட கோடு பொய்.

அந்த நேரம் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கடப்பாரையைக் கீழே போடச் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடை போனில் பிரபு சாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். "சார், என் அளவு தப்பு" என்று நாலு வார்த்தை. திட்டியிருப்பார். ஒரு பக்கத்தை மறுபடி பிரின்ட் எடுத்திருப்பார்கள். படியைத் திரும்பத் தூக்கிப் போட்டிருக்கலாம், கல் உடையக்கூட இல்லை. ஆனால் புத்தகம் பைண்டு ஆகிவிட்டது, நாலு நாளில் தெருவுக்குத் திறப்பு விழா, "அவன் அளவு தப்பாகாது" என்ற வார்த்தை வேறு காதில் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கடை இருட்டில் யாரும் தெரியவில்லை.

"ஏதோ பழைய கல்லு மேஸ்திரி. கான்கிரீட் போட்டு மூடுங்க."

மேஸ்திரி என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். "நீங்க சொன்னா சரி சார்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் கான்கிரீட்டில் மறைத்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இதைப் பிரபு சார் தலையில் கட்டினால் என் நாக்கு அழுகிவிடும்.

4. டியூப்லைட் வெளிச்சம்

படி போனதும் கடைத் தரை நடைபாதையிலிருந்து ஒன்றரை அடி மேலே தொங்கியது. ஏறுவதற்குக் கடைக்குள்ளேயே படி வெட்ட வேண்டியதாயிற்று. பத்தடிக் கடையில் இரண்டரை அடி அதிலேயே போயிற்று. கவுன்ட்டர் பின்னால் போனது. அதோடு ஸ்டாண்டர்ட்படி எல்லாக் கடைக்கும் வெயில்மறைப்பு. அதையும் வரைந்தவன் நான்தான். உள்ளே பகலிலேயே டியூப்லைட்.

ஒருநாள் அந்த வழியாகப் போனபோது ஒரு பெண் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "நேத்து நீங்க பச்சைன்னு குடுத்தீங்க, வெளிய போய்ப் பாத்தா நீலம்!" ஆன்ட்டி பட்டனையும் துணியையும் எடுத்துக்கொண்டு உள்படியில் பக்கவாட்டாக இறங்கி நடைபாதையில் நின்று பார்த்தார். போகிற வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். நான் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தேன். வெட்கக்கேடு.

மூன்று வருஷம் தாக்குப்பிடித்தார். அப்புறம் கடையை ரமேஷுக்கு விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

தெருவாவது அழகாகவே இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஐந்தாறு வருஷத்தில் ஆளாளுக்கு முகப்பில் நீலக் கண்ணாடியும் அலுமினிய ஷீட்டும் அடித்தார்கள். போர்டு மறுபடி இருபதடி ஆயிற்று. நாங்கள் எழுதிய ஸ்டாண்டர்டில் ஒரு விதிகூட மிச்சமில்லை. ஆன்ட்டி இழந்தது மட்டும்தான் திரும்பவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆபீஸில் எல்லாம் கம்ப்யூட்டர். ரமேஷ் இரண்டு கடையையும் சேர்த்து மூன்று மாடி கட்ட வந்தார். மேஜையில் ஆன்ட்டியின் பழைய பத்திரத்தைப் போட்டார்.

"சேகர், அந்தம்மா சைட்டுல முன்னால நாலடி எக்ஸ்ட்ரா கீதாம் குரு. சும்னே விட்டுடக் கூடாது. சர்வேயர இட்டுனு வா."

சர்வேயர் வந்தார். நடைபாதையில் ஒரு ஸ்லாபை எடுத்து, கான்கிரீட்டைக் கொத்தினார். கூட்டல் குறி வெட்டிய தலை வெளியே வந்தது. அரை மணி நேரம்தான் ஆயிற்று. அந்த நாலடியையும் சேர்த்துப் பில்டிங் வரைந்ததும் நான்தான். ஸ்க்ரீனில் முழுக்கோடாகப் போட்டேன்.

5. ரிச்சர்ட்ஸ் டவுன்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். மகளோடு இருந்தார். கண்ணில் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"சேகரா? உக்காரு மேன். ஆபீஸ்ல பெரிய ஆளாயிட்டியாமே?"

டீ வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ரமேஷ் கட்டடத்தைப் பற்றிப் பேசினேன். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "ஆன்ட்டி, அன்னைக்குப் படி எடுத்தப்ப எல்லைக்கல்லு வந்துச்சு. நீங்க சொன்ன அதே இடத்துல. நான் பாத்தேன். நான்தான் மூடச் சொன்னேன்."

அழுவார், அல்லது வெளியே போடா என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் ஸ்டூலைக் கையால் தடவிப் பார்த்து டீ கப்பை வைத்தார்.

"தெரியும் மேன். நான் உள்ள ரேக் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். கல்லும் பாத்தேன், நீ டேப்பு வச்சதும் பாத்தேன்."

"அப்பவே ஏன் ஆன்ட்டி கத்தல? என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாமே?"

"நான் பத்திரத்தத் தூக்கிட்டு வந்தப்பவே உங்க சாரு பிரிச்சுப் பாக்கல. நான் கத்தினா யாரு கேப்பா? சேகர் அளந்தான்னுதானே சொன்னாரு. நீ சொன்னாத்தான் மேன் செல்லும். அளந்து பாத்துட்டான்ல, இப்ப வந்து சொல்லுவான்னு நெனச்சேன். சாயங்காலம் ஷட்டர் போடற வரைக்கும் பாத்துனு இருந்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. பிஸ்கட் எடுத்துக்கொள் என்றார். எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

இப்போது கம்ப்யூட்டரில் கோடு போடுகிற பிள்ளைகளுக்காக ஆபீஸில் இதை எழுதச் சொன்னார்கள். சைட்டுக்குப் போனால் நூலை நம்பாதீர்கள், பத்திரத்தைப் பாருங்கள், எல்லைக்கல்லைத் தேடுங்கள் என்று பாடம் சொல்லி முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சரியான பாடம்தான், செய்யுங்கள். ஆனால் அது என் பாடம் இல்லை. எனக்குத் தேடாமலே கல் கிடைத்தது, அளவும் சரியாக வந்தது. பத்தடி தள்ளி ஒரு மனுஷி நான் வாயைத் திறப்பேன் என்று நாள் முழுக்க நின்றாள், நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டேன்.