ஸ்டோரில் நான் சொல்லாத பெயர்

1. ஜீப்பில்

"பாஸ்டர், நீங்க பேரை மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

குமுளிக்கு மேலே உள்ள ஓர் ஏலத்தோட்டத்தின் சூப்பர்வைசர் தங்கராஜ் இப்படிச் சொல்லித்தான் என்னை ஜீப்பில் ஏற்றினார். காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து ஒரு சாக்கு ஏலக்காய் காணாமல் போயிருந்தது. அன்று உள்ளே வேலை செய்தவர்கள் நான்கு பெண்கள். போலீசுக்குப் போனால் தோட்டத்துக்குக் கெட்ட பெயர். பாஸ்டர் ஜெபித்து ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு விஷயத்தை மூடிவிடலாம் என்று நினைத்தார்.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. அவர் மகள் காய்ச்சலில் கிடந்தபோது கைவைத்து ஜெபித்தேன். எழுந்துவிடுவாள் என்றேன், எழுந்தாள். வரம் உண்மை, அதை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. அது வரும்போது உள்ளங்கை சுடும். நெஞ்சில் ஒரு கதவு தானாகத் திறந்து காற்று உள்ளே பாயும். அந்தக் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் ஊழியக்காரனின் அன்றாட வேலை.

அதற்கு எனக்கு ஒரு முறை உண்டு. இன்னொருவர்மேல் குற்றம் சொல்லும் வார்த்தை உள்ளத்தில் எழுந்தால், அதை அன்றைக்கே வாயால் சொல்ல மாட்டேன். மறுநாள் விடியற்கால ஜெபத்தில் அதை வைத்துப் பார்ப்பேன். கஞ்சிக்கோட்டில் ஊழியம் செய்யும் என் நண்பர் இதற்காகவே கேலி செய்வார்: "ஏனுங்க பாஸ்டர், ஆவியானவருக்கே டோக்கன் குடுத்து உக்கார வெச்சிருக்கறீங்க."

வழி முழுக்கத் தங்கராஜ் பேசிக்கொண்டே வந்தார். நால்வரில் மூவரைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி. நாலாவதான பேச்சியம்மாளைப் பற்றி மட்டும் மலைப்பாதையின் வளைவுக்கு வளைவு. "வாய் ஜாஸ்தி பாஸ்டர். யூனியன்காரங்களோட வேற சேந்துக்கிட்டா. மகளைக் கட்டிக் குடுக்கணும், பணத்துக்கு எங்க போவா?"

2. ஸ்டோரில்

ஸ்டோருக்குள் அடுப்புச் சூடு சுவரெல்லாம் ஏறியிருந்தது. ஏலக்காய் மணம் மூச்சில் ஒட்டியது. நான்கு பேரும் வரிசையாக நின்றார்கள். கண்ணை மூடினேன். உள்ளங்கை சுட்டது. பேச்சியம்மாள் என்ற பெயர் மலையில் மழை இறங்குவதுபோல் ஒரேயடியாக இறங்கியது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"நாளைக்கு வந்து சொல்றேன்" என்றேன்.

தங்கராஜுக்கு முகம் சுருங்கியது. "எம் பொண்ணுக்கு அன்னைக்கே சொன்னீங்களே?"

"அது ஆறுதல். இது ஒருத்தரோட சோறு."

பேச்சியம்மாளுக்குத்தான் கோபம் அதிகம். "சொல்றதுன்னா இப்பவே சொல்லிருங்கய்யா. விடியற வரைக்கும் நாலு பேரையும் கள்ளியா நிக்க வைக்கியளே. எங்க ஊருக் கோடாங்கியா இருந்தா ஒரு கோழிய வாங்கிட்டு அப்பவே சொல்லியிருப்பான்."

பக்கத்தில் நின்றவளுக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

3. விடியலில்

ஜெபத்துக்குப் பாயை விரித்தேன். முதலில் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம். பிறகு தோட்டக் குடியிருப்பில் உள்ள சபைக் குடும்பங்கள், லயம் லயமாக, வீடு வீடாக. வரம் கொதிக்கிற காலையிலும் இந்த வரிசையை மாற்றுவதில்லை. கடைசியாக அந்த நான்கு பெண்களுக்கு வந்தேன். யார் எடுத்தது என்று கேட்கவில்லை. ஒவ்வொருத்திக்காகவும் இரக்கம் கேட்டேன். பேச்சியம்மாளின் மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகட்டும் என்றேன். அங்கே நாக்கு நின்றது.

மகள் இருக்கிறாள் என்று எனக்கு யார் சொன்னது? ஜீப்பில் தங்கராஜ். நேற்று இறங்கிய பெயரை மறுபடி கேட்டுப் பார்த்தேன். அது தங்கராஜின் குரலில் இருந்தது. அதே இழுப்பு, அதே எரிச்சல். சுட்டது என் உள்ளங்கைதான். தீ மூட்டியது வேறு ஆள்.

ஸ்டோருக்குப் போனேன். நான்கு பேரும் வெளியே காத்திருந்தார்கள்.

"பேர் எதுவும் இல்ல" என்றேன்.

"என்ன பாஸ்டர், பவர் இறங்கிருச்சா?" என்றார் தங்கராஜ்.

"ஜெபம் பண்ணினேன். ஆண்டவர் பேர் எதுவும் தரல."

"அப்ப நாலு பேரையும் நிறுத்திற வேண்டியதுதான்."

நான் அவருக்கு அருகில் போனேன். "தங்கராஜ், என் வாயிலிருந்து பேர் வந்திருந்தா நம்பியிருப்பீங்க. அதே வாய்தான் இல்லங்குது. இதையும் நம்புங்க. நம்பலைன்னா முதலாளி முன்னால வந்து இதையே சொல்றேன்."

அவர் சாவியை எடுத்து ஸ்டோரைத் திறந்தார். நான்கு பேரும் உள்ளே போனார்கள். பேச்சியம்மாள் மட்டும் வாசலில் திரும்பி, "இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

நேற்று வாய் திறந்திருந்தால் அவள் பெயர்தான் வந்திருக்கும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

சாக்கை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. பேச்சியம்மாளாகவும் இருக்கலாம். குறி கேட்க வந்துகொண்டிருந்தவர்கள் என் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை; ஜெபிக்க வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இளம் ஊழியர்களுக்கு ஒன்றே ஒன்று. வல்லமையைக் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் அது எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. விடியல் எப்போது வரும் என்று தெரியும். அதற்கு முன்னால் பாயை விரித்துவிடுங்கள்.