மஞ்சள் காரின் முன் இடது பக்கம்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விழித்திருப்பவர்கள் மூன்றே வகை என்று அம்மா பிரித்து வைத்திருந்தார்: காய்ச்சல்காரர், காவல்காரர், கைப்பிள்ளைக்காரி. "இதுல நீங்க எந்த வகைடி?" என்று அந்த ஏப்ரல் மாதம் முழுக்க என்னையும் பக்கத்து வீட்டுச் செல்வியையும் கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் கொட்டாவி விடுவோம். தூங்கி வழிகிறவர்களுக்கு வாயாடத் தெம்பு ஏது?

ரப்பர் தோட்டம் சீக்கிரம் தூங்கும். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும் என்பதால் விடியும் முன்பே அம்மா கத்தியும் வாளியுமாக ரப்பர் மலைக்குப் போக வேண்டும். அப்பா பேக்டரியில் ராக்காவல். ஆக, எங்கள் வீட்டில் ஒருவர் வரும்போது இன்னொருவர் போவார். யாரைப் பார்த்தாலும் கண் சிவந்துதான் இருக்கும். எனக்கும் சிவந்திருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடமும் லீவு.

நாங்கள் விழித்திருந்தது காருக்காக. கித்துல்கல தாண்டி மேலே ஏறும் பெரிய ரோடு எங்கள் தோட்டத்துக்கு அடியில்தான் வளைந்து போகிறது. ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன் தொடங்கிவிட்டால் கொழும்புப் பணக்காரர்களின் பந்தயக் கார்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் ஏறும். பகலில் பஸ்ஸும் லொறியும் மறித்துக்கொண்டு நிற்கும் என்று அவர்கள் ராத்திரியில் வருவார்கள். கீழே எங்கோ உறுமல் கேட்கும். அது ஆற்றோரத்து வளைவுகளில் ஒளிந்து ஒளிந்து வந்து, கடைசியில் எங்கள் முன்னால் வெளிச்சமாக வெடித்துவிட்டுப் போகும். பார்த்தோம் என்று சொல்லக்கூட நேரம் இருக்காது.

வளைவில் ரிஸ்வானின் வாப்பா கடை வைத்திருந்தார். சீசனில் மட்டும் நடுச்சாமம் வரை திறந்திருக்கும். ரிஸ்வான் எங்கள் வகுப்புத்தான். அவனுடைய வாப்பாவின் பழைய போன், கண்ணாடி வெடித்தது, எங்கள் கைக்கு வந்திருந்தது. மூன்று பேர்தான் எங்கள் கூட்டம்: ரிஸ்வான், செல்வி, நான். காவலுக்கு மாமா.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் கார்களைக் கழுவித் துடைக்கிற வேலை. அந்த வீட்டிலும் ஒரு பந்தயக் கார் இருந்தது, மஞ்சள் நிறம். அதைப் பற்றி அவர் எத்தனை கதை சொல்லியிருப்பார்! அந்த வருடம் சித்திரை வருடப்பிறப்புக்கு வெகு முன்னாலேயே, கையில் ஒரு பைகூட இல்லாமல் வந்து இறங்கினார். கேட்டவர்களிடம் லீவு என்றார்.

நடந்தது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னைப்போல அவரைத் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கழுவி முடித்த மஞ்சள் காரை ஷெட்டுக்குள் விடுவதற்காக மாமா தானே கொஞ்ச தூரம் ஓட்டியிருக்கிறார். முதலாளி வீட்டில் இல்லை, சாவி கையில் இருந்தது, ஆசையும் இருந்தது. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் கேட் தூணும் இருந்தது. முன் இடது பக்கம், லைட்டுக்குக் கீழே, நசுங்கிவிட்டது. மாமா சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, உடுப்புகளைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

அந்த முதலாளி கெட்டவர் இல்லை என்பதுதான் அதில் கஷ்டம். மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். லைசன்ஸ் எடுத்துத் தந்து டிரைவராகவே வைத்துக்கொள்வதாகச் சொன்னவர். கெட்டவர் என்றால் விட்டது சனியன் என்று இருந்துவிடலாம். திரும்பிப் போனால் கிடைக்கப்போவது வேலையா, பொலிஸா? அது தெரியாமல் மாமா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். விஷயம் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். "அந்த மனுசன் கோவத்துல இருக்காரா, ஆறிட்டாரான்னு தெரிஞ்சா போதும். இவன் சோத்த முழுங்குவான், நானும் செத்த கண்ணமூடுவேன்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வார். லயத்தில் யாரோ சண்டை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வருடா வருடம் சீசனுக்கு அந்த மஞ்சள் கார் எங்கள் ரோட்டால்தான் மேலே போகும். போனால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அதற்காகத்தான் மாமா ராத்திரி ராத்திரி எங்களோடு வந்தார். ஆனால் ரோட்டோரம் நிற்கமாட்டார். மேட்டில் ஏறி, ரப்பர் மரங்களுக்கு அடியில், வெளிச்சம் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அட்டை கடிக்கிற இடம். கார்களோடேயே வாழ்ந்தவர், அலுத்துப்போயிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

படம் எடுக்க மாமா சொல்லித் தந்த பாடம் ஒன்றே ஒன்று.

"காருன்னா முன்னால இடது பக்கந்தான் அழகு. லைட்டுக்குக் கீழ பாத்து எடுங்க. மத்ததெல்லாம் எடுத்து வேலையில்ல."

கொழும்பில் அப்படித்தான் எடுப்பார்கள் போலிருக்கிறது என்று நாங்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டோம். கார் வராத நேரத்தில் பழகுவதற்காக லொறியின் முன் இடது பக்கம், பஸ்ஸின் முன் இடது பக்கம் என்று எடுத்துத் தள்ளினோம். ஒருநாள் கடைக்கு முன்னால் த்ரீவீல் ஆட்டோ ஒன்று நின்றது. ரிஸ்வான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"என்னடா தேடுற?" என்றாள் செல்வி.

"முன்னுக்கு ஒரு லைட்டுதானே ஈக்குது. இதுல இடதுக்கு நான் எங்க போற?"

கார்கள் வந்தபோது எங்கள் பழக்கம் ஒன்றும் உதவவில்லை. போனைத் தூக்குவதற்குள் போய்விடும். படத்தில் இருட்டும், குறுக்கே சிவப்பாக ஓர் இழுப்பும் இருக்கும். மாமா அதையும் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பார். "என்னடி இது, யாரோ மொளகாத்தூள வீசின மாதிரி" என்று திருப்பித் தருவார். செல்வி அரிசி மூட்டைமேல் தூங்கிப்போவாள். ரிஸ்வானின் வாப்பா அடுப்படியில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார். "இவங்க போற வேகத்துக்கு, போய்ச் சேந்த பொறகாச்சும் தூங்குவாங்களா? இல்லாட்டி அங்கயும் ஓடிட்டுத்தான் இருப்பாங்களா?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. பதில்தான் இன்றுவரை கிடைக்கவில்லை.

சீசன் முடியப்போகிற சமயம், மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி. எங்களுக்கு ஒன்றும் கேட்பதற்கு முன்பே மாமா மேட்டில் எழுந்து நின்றார். "அதுதான்" என்றார். பிறகு நாங்கள் உறுமலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கே இல்லை. ஒன்றுக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். சரியாக இந்த நேரத்திலா போவது என்று எனக்குப் பொறுக்கவில்லை.

மஞ்சள் கார் வளைவுக்கு வந்தது. வந்தது, வேகம் குறைந்தது, கடைக்கு முன்னால் நின்றேவிட்டது! இறங்கியவர் தண்ணீர் போத்தல் வாங்கப் போனார். அத்தனை ராத்திரியும் மிளகாய்த்தூளாகப் பறந்த சாமான் இப்போது கைக்கெட்டும் தூரத்தில், மழைத்துளிகளோடு மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது. செல்விக்குத் தூக்கம் எங்கே போனதோ தெரியாது. போனை நான் பறித்துக்கொண்டேன். முதல் படம் முன் இடது பக்கம், லைட்டுக்குக் கீழே. வழவழவென்று முட்டையின் மஞ்சள் கரு மாதிரி இருந்தது. பிறகு சக்கரம், கதவு, உள்ளே சீட், பின்னால் புகைக்குழாய்.

போத்தலோடு திரும்பி வந்தவரிடம் நான் பேசினேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் பேச யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. இந்தக் காரைக் கழுவுகிறவர் என் மாமாதான் என்றேன், பெருமையாக. அவர் மூடியைத் திறந்த கையோடு நின்றார். மாமாவின் பேரைக் கேட்டார். சொன்னேன். மூடியைத் திருப்பி மூடினார். அந்த நேரத்தை வீணாக்காமல் நான் கதவுக் கைப்பிடியை ஒரு படம் எடுத்தேன்.

"கார் சரியாகிவிட்டது என்று சொல். அவனை வரச் சொல்" என்றார். பிறகு, அவன் இப்போது எங்கே என்று கேட்டார்.

நான் மேட்டைப் பார்த்துக் கத்தினேன். "மாமா! மாமோவ்! உங்க மொதலாளி மாத்தயா வந்திருக்காரு! ஓடியாங்க!" மரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. முதலாளியும் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். ஏறும்போதும் ஒரு படம் எடுத்தேன்.

சத்தம் முழுக்க மேலே ஏறி மறைந்த பிறகுதான் மாமா இறங்கி வந்தார். காலில் அட்டை கடித்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்த மாதிரி இல்லை.

"என்ன சொன்னாரு?"

சொன்னேன்.

"திரும்பச் சொல்லு. அவரு எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லு."

சிங்களத்தில் அப்படியே சொன்னேன். மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சிட்டுச் சொன்னாரா? மூஞ்சி எப்படி இருந்துச்சி?"

எனக்குத் தெரியவில்லை. நான் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிரிச்சாரு" என்றான் ரிஸ்வான்.

"பொய் சொல்லாதடா. மொறைச்சாரு" என்றாள் செல்வி.

"நீ மூட்டைல இருந்து இப்பதானே எழும்பின!"

"எழும்பினதாலதான் பயந்துட்டேன். மொறைச்சாரு மாமா."

மாமா கடைக்குள் போய் ரிஸ்வானின் வாப்பாவிடம் கேட்டார். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு யோசித்துப் பார்த்தார், பாவம். "நான் மிச்சம் குடுக்கச் சல்லியத்தான் பாத்தேன் தம்பி. முகத்த எங்க பாத்தேன்? தண்ணி கேட்டாரு, குடுத்தேன்."

பிறகு மாமா போனை வாங்கினார். கடை வாசல் விளக்கின் கீழே குந்தி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். நான் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னேன். முதலில் வந்தது அந்த முன் இடது பக்கம். எங்கள் வாழ்நாளிலேயே ஒழுங்காக வந்த ஒரே படம். "பாருங்க மாமா, நீங்க சொன்ன எடம்! ஒரு கீறல்கூட இல்ல!" என்றேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைத் தள்ளிவிட்டார். சக்கரம், தள்ளினார். சீட், தள்ளினார். கதவருகே ஒரு முழங்காலும் நல்ல சப்பாத்தும் தெரிந்தன, நின்று பார்த்தார். போத்தல் பிடித்த கை ஒன்று, கடிகாரத்தோடு, அதையும் பார்த்தார். கடைசிப் படத்தில் முதலாளி குனிந்து காரில் ஏறுகிறார். போன் வெளிச்சம் கண்ணாடியில் அடித்து, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. மாமா இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். வெள்ளைதான் பெரிதாகியது.

"மூஞ்சிய எடுக்கலயாடி?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா விழித்திருந்தார். மாமா விஷயத்தைச் சொன்னதும், "வரச் சொன்னாருல்ல? போடா. போயி நேர்ல பாத்துக்க" என்றார். மாமா பாயில் சுருண்டுகொண்டார். "அக்கா, வரச் சொல்லித்தானே பிடிச்சும் குடுப்பாங்க" என்றார். அம்மா விளக்கை அணைத்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து மலைக்குப் போக வேண்டும் என்ற கவலைதான் அவர் முகத்தில் இருந்திருக்கும்.

மாமா போகவில்லை. சீசன் முடிந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்து, அம்மாவின் பழைய கத்தியில் பால் வெட்டப் பழகினார். இன்றைக்கும் அதுதான். லைசன்ஸ் எடுக்கவே இல்லை. யாரும் அவரைத் தேடி வரவும் இல்லை. கூப்பிட்டவர் எந்த முகத்தோடு கூப்பிட்டார் என்பதை அவரால் எந்தப் பக்கமும் முடிவு செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த ராத்திரி நான் பாயில் படுத்துக்கொண்டு ஆத்திரத்தில் பொருமினேன். எத்தனை நாள் தூக்கம்! எத்தனை கொசு! அவர் கேட்ட இடத்தை அவர் கேட்டபடியே எடுத்துக் கொடுத்தால், ஒரு வார்த்தை நல்லாயிருக்கு என்று சொல்லாமல், ஒரு ஆளின் முகத்தை எடுக்கவில்லையாம். அப்படியோர் கார் வந்து நிற்கும்போது முகத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? மாமாவுக்குக் கார் ஆசையே விட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டுத் தூங்கிப்போனேன்.