முனிரத்தினம் சொன்ன மைலேஜ் பொய்

பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டு வாசலில் லுங்கிக் கட்டுகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர்கள் வாட்ஸ்அப் குழுவில் முனிரத்தினத்தின் படம் வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். திருத்தணியில் டீசல் பட்டறை வைத்திருந்த முனிரத்தினம் நெஞ்சுவலி வந்து பட்டறையிலேயே இறந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. இனி அந்த உண்மையை யார் சொல்வார்கள் என்ற கோபம்தான் வந்தது.

"நீ எழுதறவன், அவர பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடு" என்று டிரைவர் சங்கத்தில் கேட்டார்கள். நல்லதும் இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அவர் வீட்டில் தெலுங்கு. பட்டறைக்கு வருகிற எவனையும் 'பாவா' என்றுதான் கூப்பிடுவார். சொந்தமே இல்லாதவன்கூட ஒரே வார்த்தையில் அவருக்கு மச்சான் ஆகிவிடுவான். ஐட்லிங்கில், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும்போது, நடுங்குகிற வண்டியைக் கொண்டுபோனால், இறங்குவதற்கு முன்பே, "உன் வண்டி நிக்கல பாவா, சாமியாடுது. வேப்பில எட்துகினு வா" என்பார். இன்ஜினை ஓடவிட்டு, டீசல் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. வேலை முடிந்ததும் இன்ஜின்மேல் விளிம்புவரை டீ நிரம்பிய கிளாஸை வைப்பார். சிந்தாவிட்டால் அவரே எடுத்துக் குடிப்பார். சிந்தினால் மறுபடியும் ஸ்பேனரை எடுப்பார். இதையெல்லாம் நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

முன்பு நான் ஓட்டியது ஜல்லி டிப்பர். முதலாளி பெயரை எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். வண்டி தாங்குவதற்கு மேல் பாரம் ஏற்றவேண்டும், மேட்டில் இழுவை வேண்டும் என்று அதன் டீசல் பம்பில் கம்பெனி வைத்த சீலை உடைத்து, டீசல் அளவைக் கூட்டி, டர்போவையும் பெரிதாக மாற்ற வைத்தார். உடைத்தது முனிரத்தினம். பட்டப்பகலில், பட்டறையில், பத்துப் பேர் நிற்கும்போது. அதன்பிறகு வண்டிக்கு இழுவை வந்தது, ஐட்லிங் போனது. ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் குலுங்கும், சூடேறினால் அணைந்துவிடும். இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும்.

கொண்டுபோய் நிறுத்தினேன். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார், டைமிங் பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "பம்ப எறக்கி பழைய அளவுக்கு வெச்சாதான் நிக்கும் பாவா" என்றார். முதலாளிக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் "ஆங், சரிங்க. ஆங், சரிங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு பம்பை இறக்காமல் ஐட்லிங் ஸ்குரூவை மட்டும் ஏற்றிவிட்டார். இரைச்சல் கூடியது, நடுக்கம் மறைந்தது. டீ சிந்தவில்லை. ஆனால் அன்று அதை அவர் குடிக்கவில்லை. என்னிடம் நீட்டி, "பட்டு மாதிரி நிக்குது, எட்துகினு போ" என்றார். நான் நம்பினேன். வேறு யாரை நம்புவது?

கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் முன்னால் போன பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தேன். இன்ஜின் அணைந்தது. ஸ்டீயரிங் திரும்பவில்லை. ஓரத்தில் கொய்யா விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கால் நசுங்கியது. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் பெயரைச் சொல்லி இதுவரை எந்தக் குழுவிலும் ஒரு படமும் போடவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் பட்டறையில்தான், அதே பத்துப் பேர் நிற்கும்போதுதான் கேட்டார்கள்: "பம்பு சீலை உடைத்தது யார்?" முனிரத்தினம் என்னைப் பார்க்கவில்லை. "டிரைவர்தாங்க. மைலேஜுக்காகக் கை வெச்சிட்டான்" என்றார். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். டீசலைக் கூட்டினால் மைலேஜ் குறையும். வண்டி ஓட்டுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம் அது. கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. என் ஹெவி உரிமம் முடங்கியது, என் பேரில் வழக்கு ஓடுகிறது. முதலாளி வேறு டிப்பர் வாங்கினார், அதன் பம்பையும் திறந்தாகிவிட்டது.

பிறகு ஒருநாள் அவரை நேரே கேட்டேன். மறைக்கவில்லை. "மொதலாளி பேர சொன்னா அவரு வண்டி எல்லாம் வேற பட்டறைக்குப் பூடும். என் பேர சொன்னா பட்டறையே பூடும். நீ ஒண்டிக்கட்ட, வேற வண்டி ஏறிக்குவ" என்றார். கணக்குப் போட்டுத்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். "கோர்ட்ல வந்து நெசத்த சொல்லிட்றேன் பாவா, கிருத்திக முடியட்டும்" என்றும் சொன்னார். திருத்தணியில் கிருத்திகை மாதாமாதம் வருகிறது. ஒவ்வொரு மாதமும் முடியட்டும் என்றார். காவடிக் கூட்டம் மலையிலிருந்து இறங்கிப் போகும், அடுத்த கிருத்திகை வரும். இப்போது அவரே முடிந்துவிட்டார்.

இறுதி ஊர்வலத்துக்குப் போனேன். எல்லோரையும்விடப் பெரிய மாலை முதலாளியுடையது. "பொய் பேசாத மனுசன்" என்று ஒருவர் சொன்னார். அவர் விசாரணை அன்று பட்டறையில் என் பக்கத்தில் நின்றவர். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் ஊதுவத்தி கொளுத்தக் குனிந்துகொண்டார்.

முனிரத்தினத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மைலேஜ் பொய்யைத்தான். எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். இருபது வருடம் பம்பைக் கழற்றிய மனிதர், எந்த டிரைவரும் நின்ற இடத்திலேயே உடைக்கக்கூடிய ஒன்றை ஏன் சொன்னார்? பயத்தில் உளறினாரா, யாராவது உடைக்கட்டும் என்று விட்டாரா? எனக்குத் தெரியாது. அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னது ஒருவர். கேட்டுக்கொண்டு சும்மா நின்றது பத்துப் பேர்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அந்தப் பத்துப் பேரும் உயிரோடுதான் இருக்கிறீர்கள்.