அண்ணியின் பெலிம்பிங் பந்தல்

இன்றைக்கும் அண்ணி தோட்டத்தில் இறங்கினால் இடுப்பில் ஒரு கொத்துக் கறுப்புப் பட்டைகள் தொங்கும். கிளைகளைக் கட்டுவதற்காகப் பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பை விரலகலத்துக்கு வெட்டியவை. கிளை பருக்கப் பருக்கப் பட்டையும் நெகிழ்ந்துகொடுக்கும் என்பதால் கயிற்றை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

லிங்கி என்ற ஊருக்குப் பக்கத்தில், ரப்பரை வெட்டிவிட்ட எஸ்டேட் நிலத்தில் நாலு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, என் அண்ணனும் அவரும் பெலிம்பிங் வைத்தார்கள். நட்சத்திரப் பழம் என்கிறோமே, அதுதான். மரத்தை அதன் போக்கில் உயர விட்டால், பூச்சி அண்டாமல் பழங்களுக்கு உறை போட ஏணி வேண்டும். அதனால் தலைக்குச் சற்று மேலே கம்பிப் பந்தல் இழுத்து, இளங்கிளைகளை வளைத்து அதில் கட்டுவார்கள். ஒருவர் வளைத்துப் பிடிக்க, மற்றவர் கட்ட வேண்டும். பிடிப்பது அண்ணன், கட்டுவது அண்ணி.

ஒரு விடியற்காலையில் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்து உறவினர் நிறைந்திருந்த கூடத்தில், "முத நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா என் அண்ணன் இருந்திருப்பாரு" என்று அண்ணியின் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.  அதன்பின் பல மாதங்கள் அவர் என்னோடு பேசவில்லை.

கிளை கட்டும் பருவம் வந்தபோது, பிடிக்க ஆளில்லாமல் அவர் திண்டாடுவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு சனிக்கிழமை காலை, அழைக்காமலே, நான் இருக்கும் சிரம்பானிலிருந்து போய் நின்றேன். அண்ணி பழங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சும்மா நிற்கக் கூசி, கைக்கெட்டிய கிளையொன்றை வளைத்தேன். சடக்கென்று முறிந்து கையோடு வந்துவிட்டது.

"காலையில கிளையில தண்ணி ஏறி நிக்கும். வெயில்ல வாடுனாத்தான் வளையும்" என்றார். முறிந்த கிளையைப் பார்த்துவிட்டு, "உங்கண்ணன் முத நாளு மூணு முறிச்சாரு. நீ பரவால்ல லா."

மதியத்துக்குப் பிறகு கிளைகள் துவண்டிருந்தன. நான் ஒன்றை வளைத்துப் பிடித்தேன். அண்ணி பட்டையைக் கம்பிக்கும் கிளைக்குமாக மாற்றி மாற்றிச் சுற்றத் தொடங்கினார். அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பிடியை விட முடியாது. விலகிப் போகவும் முடியாது.

"அண்ணி, அண்ணன் போறதுக்கு முத நாள் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணாரு. நெஞ்சுல என்னமோ பண்ணுதுன்னாரு. காத்தா இருக்கும், வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்கன்னு சொன்னேன்."

அதுவரை யாரிடமும் நான் சொல்லாதது அது. என் குற்றத்தைத் தாங்கமாட்டாமல்தான் அதைத் தூக்கி அவர்மேல் போட்டிருந்தேன்.

அவர் விரல்கள் நின்றன.

"என்கிட்ட காத்துன்னுதான் சொன்னாரு" என்றார். "ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். வலிய வலின்னு சொல்லத் தெரியாத மனுஷன். அன்னிக்குக் கூடத்துல நீ அப்படிச் சொன்னதுலேருந்து, நாந்தான் அவரக் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"நீங்க இல்ல அண்ணி."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். அவர் பட்டையைப் பாதியில் விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கட்டாத கிளை திமிறி மேலே எழப் பார்த்தது. அவர் அழுது முடிக்கும்வரை நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.