பிடிமண்ணில் ஒரு புழு

மும்பையில் மண்ணைக் கடையில் வாங்க வேண்டும். கிங்ஸ் சர்க்கிளில் பூக்கடைகளைத் தாண்டிப் போனால் ஒரு நர்சரிக்காரர் மண்ணைப் பாலிதீன் பைகளில் கட்டி அடுக்கி வைத்திருப்பார். ரோஜாச் செடி வாங்கியவர்கள் மண்ணையும் ஒரு பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். வந்த புதிதில் அவரிடம், இது எந்த ஊர் மண் என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். சரக்கின் தரத்தைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். "ஏக்தம் சாஃப் மால், மேடம். கீடா-வீடா குச் நஹீ" என்று பையைத் தட்டிக் காட்டினார். சுத்தமான சரக்கு, புழு பூச்சி எதுவும் கிடையாது என்கிறார். புழு இல்லாத மண் எனக்கு எதற்கும் ஆகாது என்று சொல்லும் அளவுக்கு அப்போது இந்தி வரவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

என் வேலை மண்ணில் வாழும் நூற்புழுக்களைப் பார்ப்பது. ஒவ்வொன்றும் அச்சில் விழும் காற்புள்ளியைவிடச் சிறியது. ஈர மண்ணை மெல்லிய தாளில் பரப்பி, நீர் நிரம்பிய புனலின் மேல் வைத்தால், புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கும். அவற்றைச் சூடான நீரில் கொன்றால் உடல் நிமிர்ந்து நிற்கும். பிறகு கிளிசரினில் பதித்து, கண்ணாடித் தகட்டில் மூடி, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். உதடு, தொண்டை, வால், ஆணின் வாலருகே வளைந்த முள்போல இருக்கும் உறுப்பு. அந்த முள்ளின் வளைவில்தான் பெரும்பாலும் ஓர் இனம் இன்னோர் இனத்திலிருந்து பிரியும். இந்தப் படிப்புக்கு வரும் முன் நெல்லையில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். அங்கே முதலில் கற்றுத் தந்தது, எங்கே நடந்தது என்று இல்லாத செய்தி செய்தியே இல்லை என்பது. இங்கேயும் அப்படித்தான். எந்த இடத்தின் மண்ணில் கிடைத்தது என்று சொல்லாமல் ஒரு புழுவுக்குப் பெயர் வைக்க முடியாது.

நான் வேலை பார்க்கும் திட்டம் மும்பை நகர மண்ணின் உயிர்களைப் பற்றியது. ஆண்டாப் ஹில், செம்பூர், மாட்டுங்கா என்று தோண்டியதில் எல்லாம் ஏற்கெனவே பெயர் உள்ள புழுக்களே கிடைத்தன. தாராவியில் தோண்டுவதற்கு மண் தெரிவதே அபூர்வம். நம் நெல்லைப் பக்கத்துக்காரர்கள் வைத்திருக்கும் சுடலைமாடன் கோயிலில், பீடத்தைச் சுற்றி மட்டும் சிமென்ட் போடாமல் விட்டிருந்தார்கள். அனுமதி கேட்டு ஒரு கரண்டி எடுத்தேன். மண் கொஞ்சம் சிவந்திருந்தது. செங்கல் தூள் என்று குறித்துக்கொண்டேன். அதில் கிடைத்த ஆண் புழுவின் முள், எந்த நூலிலும் இல்லாத வளைவு. மராட்டியரான துறைத்தலைவி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே "மும்பை கா கீடா" என்றார். பெயரிலும் மும்பை இருக்கட்டும் என்றார். ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் என் வேலைக்கும் அது போதுமான காரணமாக இருந்தது.

பெண் புழுக்கள் போதாததால் மறுபடி மண் எடுக்கப் போனேன். கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டியிருந்தார்கள். வரவு செலவு பார்க்கும் சுடலைமுத்து அண்ணாச்சி ஒரு மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து, பீடத்தின் அடியில் செம்மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"பிடிமண்ணு. ஊர்ல இருந்து வந்திருக்கு. கொடைக்குக் கொடை போடுதது வழக்கம்லா."

"கோயில் கட்டும்போது ஒரு தடவைதானே கொண்டு வருவாங்க?"

"அது உங்க ஊர்ல. இங்க கடலுல்லா பக்கத்துல கெடக்கு. மழைக்கு மழை கரைச்சிட்டுப் போயிருதே, சாமி எதுல நிக்கும்?"

கோயிலை ஒட்டித் தையல் மெஷின் போட்டிருக்கும் செல்லத்தாயக்கா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "ஏ பிள்ள, சாமி மண்ணுல புழு நெளியுதுன்னு எழுதிப் போட்டுராத. பொறவு ஒரு பய கோயில் வரி தர மாட்டான்."

குலதெய்வத்தின் காலடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புது ஊரில் கோயில் எழுப்புவது உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். நானும் அந்தப் பக்கத்தில் பிறந்தவள். ஆனால் எங்கள் ஊர் மண் கொடுக்கும் ஊர். வாங்கிப் போனவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்ததில்லை. கட்டும்போது ஒரு பிடி, அத்தோடு முடிந்தது என்றே நினைத்திருந்தேன். வேறு ஊரிலிருந்து வந்த ஆய்வாளர் என்றால் பிடிமண்ணே தெரியாமல், சிவப்பு எப்படி வந்தது என்று விசாரித்திருப்பார்; தெரிந்த நான் செங்கல் தூள் என்று எழுதிவிட்டேன்.

உயிர்களுக்குப் பெயரிடுவதற்கென்று உலகப் பொது விதிகள் உண்டு. மனிதர் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த உயிர் என்றால், பிடிபட்ட இடம் அதன் இடமாகாது. அதுவோ அதன் முன்னோரோ எங்கிருந்து பயணம் புறப்பட்டதோ, அதுதான் அதன் இடம். துறைத்தலைவியிடம் சொன்னேன். பிடிமண் என்பதைத் தொட்டிச் செடிக்கான மண் என்று எடுத்துக்கொண்டார். "பௌதா கோன்-சா?" என்றார். செடி இல்லை, சாமிக்கு என்றேன். "பகவான் கே லியே மிட்டி? ட்ரெயின் சே?" சாமிக்கு மண்ணா, அதுவும் ரயிலிலா என்று கேட்டார். பிறகு, புழு ரயிலேறி வந்தது என்றால் ஆதாரம் கொண்டு வா, இல்லையென்றால் மும்பை என்றே போகும் என்றார். நியாயமான பேச்சு. ஆதாரம் கிடைத்தால் மும்பைத் திட்டத்துக்கு மும்பைப் புழு இல்லை. கிடைக்காமல் இருக்கட்டும் என்ற எண்ணத்தோடுதான் ஊருக்கு டிக்கெட் எடுத்தேன்.

திசையன்விளைக்குப் பக்கத்தில், தேரிச் செம்மணலின் ஓரத்தில் இருக்கிறது அந்த மூலக் கோயில். போய்ப் பார்த்தால் பீடம் வரைக்கும் டைல்ஸ் போட்டிருந்தார்கள். பொறுப்பிலிருந்த பெரியவரிடம் பிடிமண் எங்கே எடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"இங்கன எங்க மண்ணு இருக்கு? பின்னால அந்த உடைமரத்துக்கு அடியில அள்ளி, சாமி முன்னால வச்சுக் கொடுத்து விடுதோம். பம்பாய்க்காரங்க டைல்ஸுக்குப் பணம் அனுப்புனாங்க, நாங்க அவங்களுக்கு மண்ணு அனுப்புதோம்" என்று அவரே சிரித்தார். உடைமரத்தடியில் எனக்கு வேண்டியதை எடுத்தேன். அவர் தனியாக ஒரு பிடி அள்ளி, விபூதி போட்டு, மஞ்சள் துணியில் முடிந்தார். "அங்கதான போற? சுடலைமுத்துகிட்ட கொடுத்திரு. அடுத்த கொடைக்கு ஆகும்."

ஆய்வகத்தில் அந்த மண் புனலின் மேல் ஏறியது. இறங்கி வந்தவற்றில் ஆண் புழு ஒன்று இருந்தது. அந்த முள்ளை நான் பலமுறை வரைந்திருக்கிறேன். படத்தை எடுத்து ஒப்பிடத் தேவைப்படவில்லை. துறைத்தலைவி பார்த்தார். "நாம் பதல்னா படேகா" என்றார். பெயரை மாற்ற வேண்டும். என் வேலை நீட்டிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆய்வகத்தில் மண்ணைச் சூடாக்கி எல்லா உயிரையும் கொல்லும் அடுப்பு ஒன்று உண்டு. வெளியூர் மண்ணை அதில் வைத்துத்தான் வெளியே விடுவது எங்கள் முறை. மஞ்சள் முடிச்சை அதன் முன்னால் கொண்டுபோய்த் திரும்ப எடுத்து வந்தேன். வெந்த மண்ணைப் பிடிமண் என்று அண்ணாச்சியிடம் கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் புழு அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறது என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். முடிச்சைக் கொடுத்தபோது செல்லத்தாயக்கா புழுவின் கதை கேட்டாள். பெயரிடும் விதியைச் சொன்னேன். மெஷினை நிறுத்தினாள்.

"இங்கயே பொறந்த புழுவுக்குமா?"

"முன்னோர் புறப்பட்ட இடந்தான் கணக்கு, அக்கா."

"அப்போ சயான் ஆஸ்பத்திரில பொறந்த எம்மவன் திசையன்விளைக்காரனா? தமிழ எழுத்துக்கூட்டக்கூட வராது அவனுக்கு. ஆதார்ல தாராவின்னுல்லா போட்டிருக்கு. ஒங்க சட்டத்த புழுவோட வச்சுக்க தாயி."

கட்டுரை ஆய்விதழுக்குப் போய்விட்டது. பெயரிலிருந்து மும்பையை எடுத்து, இடம் திசையன்விளைப் பக்கம் என்று விதிப்படி எழுதி, எடுக்கப்பட்டது தாராவியில் என்றும் சேர்த்தேன். பெயருக்கு ஆதாரமான புழு தாராவியில் எடுத்த முதல் ஆண்தான். தகட்டின் இரண்டு ஓரங்களிலும் சீட்டு ஒட்டுவோம். இடப்பக்கச் சீட்டில் திசையன்விளை, வலப்பக்கச் சீட்டில் தாராவி. நடுவே கிளிசரினில், வட்டக் கண்ணாடிக்குக் கீழே, அது நிமிர்ந்து கிடக்கிறது. பெட்டியின் பள்ளத்தில் தகட்டைச் செங்குத்தாகச் செருக வேண்டும். ஒரு சீட்டு வெளியே தெரியும், மற்றது உள்ளே போய்விடும். எந்தப் பக்கத்தை மேலே விடுவது என்று ஒவ்வொரு முறையும் கை சற்று நிற்கிறது.