யா வாரத்து யானை

தமிழ் அரிச்சுவடி அட்டைகளை அச்சடிப்பவர்கள் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. உ என்றால் உரல். மலேசியாவில் எங்கள் ஊரான ரெங்கத்தில் இன்றைக்கு எந்த வீட்டில் உரல் இருக்கிறது? ஏ என்றால் ஏணி. சரி, அதையாவது எங்கேயாவது பார்த்திருப்பார்கள். யா வந்தால் யாழ். நானே யாழை நேரில் பார்த்ததில்லை. நான்கு வயதுப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், படகு" என்று சொன்னால் நான் எந்த முகத்தோடு திருத்துவது?

அதனால் எங்கள் பாலர் வகுப்புக்கு, வாரத்துக்கு ஓர் எழுத்து, எழுத்துக்கு ஒரு மிருகம் என்று நானே திட்டம் போட்டுக்கொண்டேன். எல்லாம் மிருகக்காட்சிசாலையில் பார்க்கக்கூடிய மிருகங்கள். அப்பா அம்மாவோடு ஜோகூர் பாருவுக்குப் போகும் பிள்ளை, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று விரலை நீட்டி, அந்த மிருகத்தின் பெயரைத் தமிழில் சொல்ல வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். பெரிய ஆசை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பு நடந்தது ஒரு பொது மண்டபத்தில். பெற்றோர் சிலர் சேர்ந்து அமைத்த செயற்குழு, அதற்கு ஒரு தலைவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி. பத்துப் பிள்ளைகள் இருந்தால்தான் காலை நேரத்தில் மண்டபம் எங்களுக்கு. குறைந்தால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். லைன் டான்ஸ் ஆடும் பெண்கள் குழு ஒன்று ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தது. பக்கத்திலேயே சீனப் பாலர் பள்ளியும் மலாய்ப் பாலர் பள்ளியான தாடிகாவும் வண்ண வண்ண வேன்களோடு இருக்கும்போது, வாசலில் செருப்பு அடுக்கப் பலகைகூட இல்லாத எங்கள் வகுப்புக்கு யார் வருவார்கள்? அந்த ஆண்டு கெஞ்சிக் கூத்தாடி ஒன்பது பேரைச் சேர்த்தேன். பத்தாவதாக வந்தவள் கடைத்தெருவில் ரொட்டி சானாய் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண்.

அவளை அவளுடைய அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வீட்ல நாங்க தமிழ்தான் பேசுறோம் டீச்சர். ஆனா எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க அத்தா மட்டும்தான் ஊர்ல படிச்சவரு. இவளாவது கத்துக்கட்டும்."

பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "காலையில சாமி கும்பிடுவீங்கல்ல, அந்த நேரத்துல மட்டும் இவள விட்டுடுங்க. சொந்தக்காரங்க எல்லாம் வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் டீச்சர் பாத்துக்குவாங்கன்னு பேசி அவர சம்மதிக்க வெச்சிருக்கேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பார்த்துக்கொள்ளவும் செய்தேன். நாங்கள் பிரார்த்தனைக்கு நிற்கும் நேரத்தில் அவள் வெளியே போய்ப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். கொஞ்ச நாளில் மற்ற ஒன்பது பேருக்கும் அவள் மீது பொறாமை வந்துவிட்டது. எங்களுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அழுதார்கள்.

யா எழுத்துக்கு யானையைத் தவிர வேறு எது? அதற்காக நான் போட்ட திட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஜோகூரில் அப்போதெல்லாம் வெள்ளியும் சனியும் விடுமுறை, பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடும். முதல் நாள் தரையில் சாக்கட்டியால் பெரிய யா. பிள்ளைகள் அதன் மேல் யானை நடை நடந்து போக வேண்டும். மறுநாள் யானை என்ன தின்னும் என்ற பாடம். கரும்பு, வாழைப்பழம், செம்பனைக் குருத்து. அதற்கு மறுநாள் காலுறையைக் கையில் மாட்டித் தும்பிக்கை. இப்படியே போய், வியாழக்கிழமை பெற்றோர்களுக்கான திறந்த நாள். அன்றைக்குப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்துவிட்டு இரண்டு பேராவது தம்பி தங்கைகளைச் சேர்க்க மாட்டார்களா என்று எனக்கு ஒரு கணக்கு.

எல்லாவற்றையும்விட ஒரு விளையாட்டுதான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நான் மேசையைத் தட்டுவேன். பிள்ளைகள் "யாரு?" என்று கத்த வேண்டும். ஒரு பிள்ளை கதவுக்குப் பின்னால் இருந்து "யானை!" என்று சொல்லிக்கொண்டு தும்பிக்கையை ஆட்டியபடி வர வேண்டும். யாரு, யானை. எழுத்து இரண்டு முறை வாயில் வந்துவிடும். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள்தான் இதில் சூரப்புலி. கதவுக்குப் பின்னால் போகவே மாட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, நான் தட்டி முடிக்கும் முன்பே, "யாரு? யானை!" என்று இரண்டையும் அவளே சொல்லிவிடுவாள். மண்டபமே அதிரும்.

குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப் பெட்டி ஒன்றை மின்சாதனக் கடையில் கேட்டு வாங்கினேன். வீட்டில் அதை வெட்டி, ஒட்டி, சாம்பல் வண்ணம் அடித்து, பழைய ரப்பர் பாயில் காது வைத்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயைத் தும்பிக்கையாகப் பொருத்தினேன். பின்னால் இருந்து தண்ணீர் ஊற்றினால் தும்பிக்கை வழியாகப் பீச்சும். அதன் கழுத்தில் ஒன்றும் போடவில்லை. நெற்றியில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. நானும் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் இது பிள்ளையார் இல்லை. வேலிக்குள் நின்று கரும்பு தின்னும் யானை. முன்னால் ஒரு சின்ன வேலியும் செய்து, 'உணவு கொடுக்காதீர்கள்' என்று எழுதி மாட்டினேன். இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

திறந்த நாளுக்குத் தலைவர் ஒரு பிரமுகரை அழைத்திருந்தார். பத்துப் பிள்ளைகள் காலுறையை ஆட்டுவதைப் பார்க்க எதற்குப் பிரமுகர் என்று நான் கேட்கவில்லை. நம்மவர்களுக்கு மாலை போட ஒரு கழுத்து இல்லாவிட்டால் நிகழ்ச்சியே தொடங்காது. ரோஜா மாலை, பொன்னாடை, பழத்தட்டு, எல்லாம் காலையிலேயே வந்துவிட்டன. பிரமுகர்தான் வரவில்லை. பெற்றோர் காத்திருந்தார்கள். பிள்ளைகள் தும்பிக்கையை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பத்தரை மணிக்குத் தலைவருக்கு அழைப்பு வந்தது. "அலமாக், வர முடியலையாம்லா" என்றார். கையில் மாலை கனத்தது.

நான் யானைக்குத் தண்ணீர் பிடிக்கப் பின்கட்டுக்குப் போனேன். வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பி வந்தபோது கற்பூர வாசனை.

பிரமுகருக்கு வாங்கிய மாலை என் யானையின் கழுத்தில் தொங்கியது. பொன்னாடை முதுகில். நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். வேலியைத் தூக்கிச் சுவர் ஓரம் போட்டிருந்தார்கள். பழத்தட்டு யானையின் காலடியில். தலைவர் கற்பூரத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெற்றோர் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முன்னால் பிள்ளைகள் வரிசையாகக் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டார்கள். பத்துப் பேரும். வரிசையின் கடைசியில் அவள். காலையில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரம் இல்லையே இது. அவளுக்கு இது யானை விளையாட்டு. நெற்றி நிறைய விபூதியோடு, சிரிப்பு தாங்காமல், எல்லோரையும்விட வேகமாக உட்கார்ந்து எழுந்தாள்.

"தலைவரே, என்னங்க இது? இது ஜூவுல இருக்கிற யானைங்க!"

"யானைன்னா யானைதானே டீச்சர். ஆனைமுகத்தானே வந்து நிக்கிறாரு. மாலை வீணாப் போலாமா?"

"அந்தப் பிள்ளை முஸ்லிம் பிள்ளைங்க. அவங்க அம்மாகிட்ட நான் சொல்லியிருக்கேன்."

"சின்னப் பிள்ளைதானே. சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். கோபித்துக்கொள்ளக்கூடியவர் சாமி மட்டும்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

அவள் கையைப் பிடித்து வரிசையிலிருந்து நான் இழுப்பதற்குள் அவளுடைய அம்மா வாசலில் நின்றிருந்தார். கையில் பெரிய தட்டு. திறந்த நாளுக்கு என்று கடையில் உருளைக்கிழங்கு வைத்த காரிப்பாப் பொரித்து, சூடாக எடுத்து வந்திருந்தார். யாரும் கேட்டு அல்ல, அவராகவே. தட்டை மேசையில் வைத்தார். மகளிடம் வந்தார். முக்காட்டின் நுனியால் அவளுடைய நெற்றியைத் துடைத்தார். அவசரமில்லாமல், குழந்தைக்கு வலிக்கக்கூடாது என்பதைப் போலத் துடைத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "வரேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் போன பிறகு எல்லோரும் காரிப்பாப் சாப்பிட்டார்கள். உருளைக்கிழங்கில் காரம் சரியாக இருக்கிறது என்று தலைவர் இரண்டாவது எடுத்துக்கொண்டார். யானையின் தும்பிக்கையிலிருந்து தண்ணீர் பீச்சும் வேடிக்கையை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. சாமியின் பின்னால் போய் நின்று வாளித் தண்ணீர் ஊற்றுவது சரியில்லையாம்.

மறுவாரம் கடைக்குப் போனேன். அவளுடைய அம்மா என்னை உட்கார வைத்து, ஒரு கோப்பை தே தாரிக் ஆற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"உங்க மேல கோவம் இல்ல டீச்சர். வீட்டுக்கு வந்து, அவங்க அத்தா தொழுதுகிட்டு இருக்கும்போது, முன்னாடி போயி காதைப் புடிச்சிகிட்டு உக்காந்து உக்காந்து எழுந்திரிக்கிறா. அவரு தொழுகைய முடிச்சிட்டுத் திரும்புனாரு. என்னைத்தான் பாத்தாரு. சொந்தக்காரங்க அப்பவே சொன்னாங்கல்ல? இனிமே நான் என்ன பேச முடியும், சொல்லுங்க."

தலைவர் ஒரு தடவை வந்து வருத்தம் தெரிவித்தால் அவளுடைய அத்தாவின் மனம் மாறலாம் என்று தோன்றியது. அதைப் போய்த் தலைவரிடம் கேட்டேன். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சாமி கும்பிட்டதுக்கு மன்னிப்பு கேக்கணுமா? நம்ம பண்பாட்ட நாமே விட்டுக் கொடுக்கணுமா டீச்சர்?" என்றார். எதையும் விட்டுக் கொடுக்கவில்லை. பிள்ளையை மட்டும் கொடுத்துவிட்டோம்.

ஒன்பது பேரை வைத்துக்கொண்டு அந்த ஆண்டை எப்படியோ ஒப்பேற்றினோம். ஆண்டு முடிவில் மண்டபம் லைன் டான்ஸ் குழுவுக்குப் போனது. கடைசிக் கூட்டத்தில் தலைவர் எழுந்து, தமிழர்களுக்கு மொழிப்பற்று குறைந்துவிட்டது, அதனால்தான் இந்த நிலைமை என்று உருக்கமாகப் பேசினார். கைதட்டல் வேறு. அவருடைய பேத்தி அப்போது பக்கத்துச் சீனப் பாலர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று அடக்கிக்கொண்டேன்.

என்னுடைய சாமான்களை எடுக்கப் போன அன்று யானையையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அட்டை என்னுடையது, குழாய் என்னுடையது, என் வீட்டுத் தரையில் வண்ணம் சிந்திச் செய்தது. தலைவர் பதறிவிட்டார்.

"கற்பூரம் காட்டியாச்சு டீச்சர். அத எப்படி எடுத்துட்டுப் போறது?"

இன்றைக்கும் அது மண்டபத்தின் மூலையில்தான் நிற்கிறது என்று கேள்வி. ஒரு காது விழுந்துவிட்டதாம். ஆட வரும் பெண்களில் சிலர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பாட்டைப் போடுகிறார்களாம்.

நான் இப்போது கூலாயில் ஒரு பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் இருக்கிறேன். அப்பா அம்மா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள். ஆங்கில எழுத்துதான் சொல்லித்தருகிறேன். அதற்கும் மிருகங்கள் உண்டு, யாரும் மாலை போடுவதில்லை. போன மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு ரெங்கம் போனபோது அந்தக் கடைக்குள் நுழைந்தேன். அவள் ஓரத்து மேசையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மலாய்த் தாடிகாவின் சீருடை அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். புதிய இடத்தில் நல்ல பழக்கம் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

அவள் எதிரில் உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் மேசையைத் தட்டிவிட்டது.

அவள் முகம் மலர்ந்தது. "யாரு?" என்றாள் உடனே, அதே குரலில். அடுத்ததைச் சொல்ல வாயையும் திறந்துவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, கல்லாவில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, காதருகில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அது உங்க சாமி டீச்சர். நான் சொல்லக் கூடாது."