போண்டா எண்ணெயில் ஓடிய ஜெனரேட்டர்

போண்டா சுடும் வாசனை வந்தால் எல்லோருக்கும் பசி எடுக்கும். எனக்குக் கோபம்தான் வரும், மாமாவின் மேல்.

எங்கள் ஊரான மண்ணரையில், வீட்டுக்குப் பக்கத்திலேயே அத்தையின் தையல் ஷெட். அதுவரை அடுத்தவர் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த அத்தை, சொந்தமாக ஆறு மெஷின் போட்டு எடுத்த முதல் ஆர்டர், குழந்தைகளுக்கான வெள்ளைச் சட்டைகள்.

பாதி நாள் கரண்ட் இருக்காத காலம் அது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி மாளவில்லை. ஒரு வேலைக்கும் போகாமல் விஞ்ஞானியாக மட்டுமே இருந்த மாமா, டீக்கடையில் பலகாரம் சுட்டுக் கழித்த எண்ணெயை வாங்கி வந்து, வடிகட்டி, டீசலோடு சரிபாதி கலந்தார். மெஷின் எதையும் ஓட்டாமல் ஒரே ஒரு பல்பை எரியவிட்டுத் தெருவுக்கே காட்டினார். தெரு முழுக்க போண்டா வாசனை. பிள்ளைகள் கைதட்டினோம்.

மறுநாள் காலை, மார்கழிக் குளிரில், அதே கலவையில் ஆறு மெஷின்களையும் ஓடவிட்டார். ஜெனரேட்டர் திணறியது. கெட்டி எண்ணெய் எஞ்சினுக்குள் மெல்லிய தூறலாகச் சிதறாது. பெரிய பெரிய சொட்டாக விழுந்து அரைகுறையாக எரியும். பாரம் கூடக் கூடக் கரியாகத் தள்ளும். இதெல்லாம் நான் பின்னால் எஞ்சின் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குக் கரும்புகைதான் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் சத்தம் போட்டார் என்று மாமா புகைக்குழாயை ஷெட்டின் ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தார். ஜன்னலுக்கு உள்ளே, தைத்து முடித்த சட்டைகள்.

"ஏனுங்க, நிறுத்துங்க! துணியெல்லாம் போச்சுங்க!" என்று அத்தை ஓடி வந்தாள்.

"சூடானாச் சரியாப் போயிரும். நீ உள்ள போ புள்ள" என்றார் மாமா.

நிறுத்தவில்லை அந்த மனுஷன். தன் கண்டுபிடிப்பு தோற்கக் கூடாதே! எஞ்சின் தானாக அடங்கியபோது ஒரு சட்டைகூட வெள்ளையாக இல்லை. எண்ணெய்க் கரி, துவைக்கத் துவைக்க இன்னும் பரவியது. ஆர்டர் கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, வெட்டாத துணியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமாவோ தெருவில் நின்று, "வெள்ளைத் துணியக் கொண்டுபோயி சன்னலோரம் அடுக்குவாளாங்க ஒரு பொம்பள?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மெஷின்களை விற்றார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, அத்தையை வேலைக்கு அழைத்துப்போகப் பெரிய கம்பெனி ஒன்றின் வேன் வாசலுக்கே வந்தது. அத்தைக்கு வேனெல்லாம் வருகிறதே என்று நான் குதித்தேன். டாட்டா காட்டச் சொல்லிக் கத்தினேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. வேனில் ஏறியதும் அத்தைக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று, அன்று சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோதும் அவளோடு பேசாமல் இருந்தேன்.